மணிக்கட்டு வலி

கேப்டன் பிராண்டுருக்கு வெண்கலச் சிலை வைக்க
ஊர் நிதி திரட்டிய வாரம்
வானொலியில் ஸ்டெய்ன்வோர் சொன்னது மூன்றே வாக்கியம்.
புயல் வருவது அவருக்குத் தெரியும்.
தெரிந்தும் படகை எடுத்தார்.
கூடப் போன நான்கு பேருக்கு யார் சிலை வைப்பது?
அதன் பிறகு வானிலை அறிக்கை:
வடகிழக்குக் காற்று, நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைக்கும் இல்லை.
பதினாறு வயதில் என் முதல் சம்பளத்தை
செதில் ஒட்டிய விரலால் எண்ணித் தந்தவர் அவர்,
ஒரு தாள் கூடுதலாகவே.
பதில் சொல்ல முடியாத கடலடியில் கிடப்பவரைக்
கேள்வி கேட்பதில் என்ன துணிச்சல்?
இதை நான் அவளிடமே போய்க் கேட்டிருக்கலாம்.
எங்கள் வாசலிலிருந்து அவள் வாசல்
நாற்பது தப்படி. பனி உறைந்த நாளில் அறுபது.

நான் செய்தது குறுஞ்செய்தி:
எய்டிஸுக்கு மணிக்கட்டில் வலி,
கொஞ்ச நாள் பியானோ வகுப்பு வேண்டாம்.

உடனே பதில் வந்தது.
வெந்நீரில் வைக்கச் சொல்.
இரண்டு வாரம் எதையும் வாசிக்க விடாதே.
எந்தக் கை?

எந்தக் கை என்று
நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

தோர்கெர்துர் மகனுக்குத் திடீரென்று கால்பந்து.
இரட்டையருக்குக் கணக்குப் பாடம்.
மருந்துக்கடைக்காரர் பியானோவை விற்றுவிட்டதாகச் சொன்னார்;
அவர் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன்,
போர்வைக்குள் நான்கு காலோடு நின்றது.
பதினொரு பேரில் மிஞ்சியவன் ஒருவன்,
போலந்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியனின் பையன்.
வானொலி பேசும் மொழி
அந்த வீட்டுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இந்த ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது,
அவளைப் பார்க்கும்போது மட்டும்.
யாரும் கூட்டம் போடவில்லை.
யாரும் கல்லெறியவில்லை. போலீஸ் வரவில்லை.
சட்டம் முழுக்க அவள் பக்கம்.
என் மகளுக்கு பியானோ வேண்டாம் என்பதற்கு
என் பக்கமும் சட்டம் உண்டு.
படகில் யாரும் எங்கும் உட்காரலாம்,
அவரவர் இஷ்டம்;
பத்துப் பேரும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்தது
தற்செயல்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான்.
ஹாஃப்ஸ்டெய்ன் ஒரு நாள் ராத்திரி கேட்டான்,
நாம் ஏன் நிறுத்தினோம்?
நீதானே சொன்னாய் என்றேன்.
நான் எங்கே சொன்னேன் என்றான்.
விளக்கை அணைத்தோம்.

கூட்டுறவுக் கடையில் ஸ்டெய்ன்வோர்
எய்டிஸின் வலது மணிக்கட்டைப் பிடித்து
கட்டைவிரலால் மெல்ல அழுத்தி,
இங்கேயா? என்றாளாம்.
ஆமாம் என்றாளாம் என் மகள்.
வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தேன் அம்மா,
சரியாகச் செய்தேனா?
சாப்பாட்டு மேஜையின் விளிம்பில்
அவள் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன.

சிலை வந்தது. கேப்டன் சாயலில்லை,
மூக்கு யாரோ அமைச்சருடையது.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், ஊர் நீச்சல்குளத்தின்
வெந்நீர்த் தொட்டியில் ஏழு பேர் இருந்தோம்.
அவள் துண்டை மாட்டிவிட்டு இறங்கினாள்.
ஒருவருக்கு அடுப்பில் உருளைக்கிழங்கு நினைவு வந்தது.
ஒருவருக்குப் பேருந்து. மற்றவர்களுக்கும் ஏதேதோ.
நான் எழுந்திருக்கவில்லை.
பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை:
என் செருப்பு தூரத்தில் கிடந்தது,
வெளியே மைனஸ் ஒன்பது.

கை எப்படி இருக்கிறது? என்றாள்.
தேவலை என்றேன்.
நான்கு பேரில் ஒருவன் அவளுக்கு அக்கா மகன்
என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
வாய் திறந்தேன். நீராவி உள்ளே போனது.

வெந்நீர் நல்லது என்றாள்.
இருவரும் கழுத்துவரை
அதில்தான் இருந்தோம்.